பதிமூன்று புள்ளி ஏழு இரண்டு

வெயில் ஏறும் முன் தீவனப்புல் அறுத்துவிடலாம் என்று அரிவாளோடு காட்டுக்குப் போனேன். எங்கள் ஆழ்துளைப் போர் இருக்கும் இடத்தில் யாரோ கோலப்பொடி தூவியிருந்தார்கள்.

புள்ளி வைத்துப் போட்ட கோலமில்லை. ஒரே ஒரு கோடு. கிழக்கு மூலைக் கல்லில் தொடங்கி, வரப்பை விட்டு எங்கள் பக்கமாக இறங்கி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு ஊடே வெள்ளையாக ஓடி, போர்க்குழாயைத் தாண்டி மேற்கே போயிருந்தது. குழாய் கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

கோட்டின் நுனியில் குமரேசன் பொடி டப்பாவோடு குந்தியிருந்தார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்ததை என் மாமனாரும் அவர் தம்பியும் இரண்டாகப் பிரித்துக்கொண்டதால், பக்கத்துக் காட்டுக்காரரும் அவர்தான்.

"ஏனுங்க அண்ணி, வந்துட்டீங்களா? நானே ஊட்டுக்கு வந்து சொல்லோணும்னு இருந்தேன். கோட்ட மிதிச்சுப் போடாதீங்க."

"என்ன தம்பி இது?"

"நம்ம எல்லைங்க. போரு எங்க பக்கம் வருது."

"எங்க மாமனாரு போட்ட போரு உங்க பக்கம் எப்படி வரும்?"

"போட்டது அவருதாங்க. போட்ட எடம் எங்களுது. பதிமூணு புள்ளி ஏழு ரெண்டு சென்டிமீட்டரு."

பதிமூன்று என்று மட்டும் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். புள்ளி ஏழு ரெண்டு என்றதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குத் தசமத்தின் மேல் ஒரு பயம் உண்டு. வெறும் எண்ணோடு வாதாடலாம். புள்ளி வைத்த எண் காக்கிச் சட்டை போட்ட எண்.

தேங்காய் எழுந்து நின்ற இடம்

சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் காடு. நிமிர்ந்தால் கொல்லிமலை தெரியும். மலையில் பெய்கிற மழை எங்களுக்கு வந்து சேராது. இரண்டு மாடு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, வரப்போரம் தீவனப்புல். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு போர்தான்.

வரப்புக்கு இவ்வளவு பக்கத்தில் போய் ஏன் துளை போட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டேன். நீரோட்டம் பார்க்க வந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தாராம். அந்த இடத்தில் தேங்காய் எழுந்து நின்றதாம். தேங்காய்க்கு வரப்பு தெரியுமா? அன்றைக்குப் பூசை போட்டு, துளை போடுகிற ரிக் வண்டியை வரவேற்றவர்களில் குமரேசனின் அப்பாவும் ஒருவர். வரப்புக்கு இக்கட்டா அக்கட்டா, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வரப்பு போருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான்.

குமரேசனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேனேஜராக வடக்கே போய், மொழி தெரியாத ஊர்களில் எல்லாம் துளை போட்டுத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர். ஊர் திரும்பிச் சொந்தக் காட்டில் தென்னை வைக்க ஆசைப்பட்டு இரண்டு துளை போட்டார். இரண்டிலும் தண்ணீர் இல்லை, வெறும் கல்தூசிப் புகை. தேங்காயை நம்பாமல் மெஷின் வைத்துப் பார்த்த இடங்கள் அவை. பத்தடி தள்ளி எங்கள் போரில் தண்ணீர் கொட்டுவதைத் தினம் பார்த்துக்கொண்டு ஒரு ரிக்காரர் எப்படித் தூங்குவார்?

தூக்கம் போனது எனக்கும்தான். புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்வார்கள். அவருடைய இரண்டு புகைக் குழிகளைப் பார்த்த பிறகு அந்தத் தைரியம் யாருக்கு வரும்? போர் போனால் மாடு போகும். மாடு போனால் சேலம் விடுதியில் இருந்து படிக்கிற என் மகள் நிவேதா வீட்டுக்கு வந்துவிடுவாள். என் பயம் இப்படித்தான். ஒரு படி இறங்கினால் கிணற்றின் அடிவரை போய்விட்டுத்தான் ஓயும்.

வீட்டுக்காரர் லாரியில் இருந்தார். வடக்கே எங்கோ லோடு இறக்கக் காத்திருந்தார். போனில் சொன்னேன்.

"ரெண்டு நாள் பேசாம இரு. நான் வந்து பாத்துக்கறேன்."

"எப்ப வாரீங்க?"

"லோடு எறங்கோணுமில்ல?"

அவருடைய 'ரெண்டு நாள்' எத்தனை நாள் என்பது நாமக்கல் பக்கத்து லாரிக்காரர் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று தரம் பார்க்கிற வியாதி

என் கவலையைப் பற்றி இந்தத் தொடரில் முந்தைய வாரங்களிலும் எழுதியிருக்கிறேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் பார்ப்பேன். பூட்டை மூன்று தரம் இழுப்பேன். நிவேதா சின்னவளாக இருக்கும்போது காய்ச்சல் வந்தால், டிஜிட்டல் தெர்மாமீட்டரை மூன்று தரம் வைப்பேன். "மூணு முடிச்சு போட்டவன் நானு. அதுக்குன்னு எல்லாத்துக்கும் மூணு மூணா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆனால் அந்த வியாதியால் எனக்கு ஒன்று தெரிய வந்தது. ஒரே பிள்ளை, ஒரே காய்ச்சல், ஒரே கருவி. முதல் தரம் 100.4 என்றது. அடுத்தது 100.7. அதற்கடுத்தது 100.2. நூறு மட்டும் மாறவில்லை. புள்ளிக்குப் பின்னால் இருந்தது வருவதும் போவதுமாக இருந்தது. ஒரே ஒரு தரம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. 100.4 என்று கல்லில் வெட்டினமாதிரி சொல்வார்கள்.

அதனால்தான், அன்றைக்குக் காலையில் கோலப்பொடிக் கோட்டைப் பார்த்துப் பயந்து நின்றவள், வீட்டுக்கு ஓடாமல் கேட்டேன்.

"தம்பி, இத எதுல அளந்தீங்க?"

"செல்போன்லதாங்க. ஆப் இருக்குது. காட்டச் சுத்தி நடந்தா அதுவே கணக்குப் போட்டுரும்."

"எனக்காக இன்னொருக்கா நடங்க பாக்கலாம்."

அவருக்கு அது கௌரவப் பிரச்சனை ஆகிவிட்டது. நடந்தார். என் பங்குக் காட்டைச் சுற்றி வந்தபோது முதலில் காட்டியதைவிடப் பரப்பு ஒரு செண்டு கூடியிருந்தது. முகம் சுருங்கி இன்னொரு சுற்று வந்தார். இப்போது இரண்டு செண்டு குறைந்தது. அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏன்டா குமரேசா, நீ சுத்தச் சுத்தக் காடு ஊதுது, இளைக்குது. காட்டுக்கு என்ன சீக்கா?"

"சிக்னல் சரியில்லீங்க பெரியப்பா."

"கோட்டுக்கும் சிக்னல் சரியில்லாமத்தான இருந்திருக்கும்?" என்றேன்.

குமரேசன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். "இஞ்சினியர வெச்சுப் பாக்கறங்க அண்ணி. அப்பவும் இதே நம்பருதான் வரும்."

எடைமேடையில் ஒரு தண்ணீர்க் கேன்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எட்டாவது படித்தவளுக்கு அளவுக் கணக்கில் என்ன வேலை என்று நினைக்கிற வாசகர்களுக்காக.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் சில வருடங்கள் நான் ஒரு எடைமேடையில் வேலை பார்த்தேன். லாரியை மேடையில் ஏற்றினால், கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எழுத்தில் எடை ஓடும். பட்டனைத் தட்டினால் சீட்டு வரும். டீசல் வாசமும் கோழித்தீவன வாசமும் கலந்து அடிக்கிற கூண்டு அது. இன்றைக்கும் தீவன மூட்டை அவிழ்க்கிற இடத்தைத் தாண்டினால் எனக்கு அந்தச் சிவப்பு எழுத்து கண்ணில் வரும்.

அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் நகரும். கடைசி இலக்கம் எப்போதும் சைபர். புதிதாக வந்த டிரைவர் ஒருவர், வண்டி மேடையில் நிற்கும்போதே தன் தண்ணீர்க் கேனைத் தூக்கி அதில் வைத்தார். ஐந்து லிட்டர் கேன். எண் அசையவில்லை.

"ஏம்மா, அப்ப என்ற கேனுக்கு எடையே இல்லீங்களா?"

"இருக்குதுங்கண்ணா. எங்க மெஷினுக்குக் கண்ணு தெரியல."

ஒருநாள் தீவன கம்பெனி குமாஸ்தா ஒருவர் வந்தார். நூற்றி அறுபது மூட்டை. வண்டி எடை போக 9,870 கிலோ. கால்குலேட்டரைத் தட்டி, ஒரு மூட்டை 61.6875 கிலோ என்றார். "அறுபத்தோரு கிலோ, அறுநூத்தி எண்பத்தி ஏழரை கிராம்" என்று அந்த அரை கிராமையும் அழுத்திச் சொன்னார். ஐந்து லிட்டர் தண்ணீரைப் பார்க்கத் தெரியாத மெஷினுக்கு அரை கிராம் எப்படித் தெரிந்தது? மூட்டைகளை எண்ணியது சரி; நூற்றி அறுபது என்றால் நூற்றி அறுபதுதான், அதில் கூடக்குறைய கிடையாது. எடைதான் தடுமாறுகிற எண். அந்தத் தடுமாற்றத்தை அத்தனை மூட்டைக்கும் பங்கு போட்டாலும் மூட்டைக்கு முப்பது கிராமாவது இப்படியோ அப்படியோ போகும். அரை கிராம் கால்குலேட்டர் பெற்ற பிள்ளை. மேடைக்கும் அதற்கும் உறவில்லை.

அன்றைக்கு இதை என்னால் இப்படிச் சொல்ல முடியவில்லை. மனதுக்குள் ஏதோ உறுத்தியது, அவ்வளவுதான். உறுத்தலுக்குப் பேர் இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது.

நிவேதா பதினொன்றாவது படிக்கும்போது, நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் இயற்பியல் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு பாடம். அளந்து தெரிந்த இலக்கங்கள் மட்டும்தான் கணக்கில் சேரும். பெருக்கினாலும் வகுத்தாலும், எந்த எண்ணில் அப்படிப்பட்ட இலக்கம் குறைவோ அதோடு விடையும் நின்றுவிட வேண்டும். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் சைபர் போட்டால், அந்தச் சைபரையும் அளந்து பார்த்ததாக அர்த்தம். சும்மா அழகுக்குப் போடக்கூடாது.

"அதையே இன்னொருக்கா படி கண்ணு."

"மூணாவது தடவம்மா! பேசாம நீயே பரீட்சை எழுதிரு."

வெங்காயத்தாலா வேறு எதனாலா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குள் இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. அச்சடித்த பாடம்.

அந்த மூன்று சைபர்

குமரேசன் சொன்னபடியே நகரத்துக்குப் போய், வரைபடம் போட்டுத் தரும் ஓர் அலுவலகத்தில் தன் செல்போன் கணக்கையும் அரசாங்கப் படத்து அளவுகளையும் கொடுத்து, கலர் தாளில் எல்லையைப் போட்டுக்கொண்டு வந்தார். நீலக் கோடு அவருடையது, பச்சைக் கோடு எங்களுடையது, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அதுதான் எங்கள் போர். பொட்டுக்குப் பக்கத்தில் 13.72 என்று இருந்தது. சர்வே ஆபீசுக்கும் மனு கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு நகல் தந்தார். நல்ல எண்ணத்தில்தான் தந்தார். பார்த்துவிட்டு நானே வழிக்கு வந்துவிடுவேன் என்று.

தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பீரோவிலிருந்து அரசாங்கத்துப் புலப்படத்தை எடுத்தேன். நம் நிலங்களுக்கெல்லாம் ஆபீசில் இருக்குமே, கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர் என்று போட்ட பழைய படம், அதன் நகல். மேற்கு எல்லைக் கல் எப்போதோ காணாமல் போய்விட்டது. மற்ற இரண்டு கல்லிலிருந்து அளந்துதான் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புலப்படத்தில் ஒரு கல்லிலிருந்து 33.2, இன்னொன்றிலிருந்து 58.4.

கலர் தாளில் அதே அளவுகள் இப்படி இருந்தன: 33.2000. 58.4000.

நான் அந்தத் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பவும் பார்த்தேன். மூன்றாம் தரமும் பார்த்தேன். பிறகு வாசலில் நின்று, யாரும் இல்லாத தெருவைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன்: இந்த மூணு சைபர ஆருய்யா அளந்தது?

பழைய காலத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவர் 33.2 வரைக்கும்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதாவது பத்து சென்டிமீட்டர் கணக்கு. அதற்குக் கீழே அவர் வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டர் தன் பங்குக்கு மூன்று சைபரைச் சேர்த்து, அந்தச் சைபர்களையும் கணக்கில் விட்டு ஆட்டி, பதிமூன்று புள்ளி ஏழு இரண்டைப் பிழிந்து கொடுத்திருக்கிறது. அரிசியில்லாத பானையிலிருந்து கஞ்சி வடித்தமாதிரி.

அளக்கிற நாள்

சர்வேயர் ஒரு பெண். நெற்றியெல்லாம் வியர்வை, துப்பட்டாவைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தார். கூட டேப் பிடிக்க உதவியாளர் ஒருவர். பங்காளிகள் ஏழெட்டுப் பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் இரண்டு தாளையும் சுருட்டிச் சேலைத் தலைப்புக்குள் பிடித்திருந்தேன்.

அளக்கும் முன்பே சமாதானம் பேச ஆரம்பித்தார் ஆட்டுக்காரப் பெரியவர்.

"உட்டுக் குடுத்துப் போடு சாமி. ஒரு சாண் எடம். அதுக்குப் போயி பங்காளிக்குள்ள மல்லுக்கட்டலாமா?"

"அந்த ஒரு சாண்லதானுங்க போரு இருக்குது."

"கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுதே?"

"கம்ப்யூட்டரு காட்டுக்கு வரலீங்களே."

யாரோ சிரித்தார்கள். குமரேசன் சிரிக்கவில்லை.

டேப்பை இழுத்தார்கள். முதல் கல்லின் தலையில் வெட்டியிருந்த குறி தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளமாகிவிட்டிருந்தது. குச்சிக்கிழங்குச் செடிகள் இடித்ததில் டேப் நேராக நிற்க மறுத்தது. மேற்கே குமரேசன் அடித்து வைத்திருந்த முளைக்குச்சி வரைக்கும் சர்வேயர் படித்தார்: 33.21.

"பாத்தீங்களா!" என்றார் குமரேசன். "ஒட்டி வருது."

"மேடம், இன்னொருக்கா அளங்க" என்றேன்.

உதவியாளர் முணுமுணுத்தார். அளந்தார்கள். 33.27.

"இன்னும் ஒருக்கா மேடம்."

சர்வேயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். டேப்பை அவரே வாங்கி இழுத்துப் பிடித்தார். 33.22.

"மூணும் மூணு விதமா இருக்குதுன்னா சராசரி போடுங்க மேடம்" என்று குமரேசன் செல்போனில் கூட்டி வகுத்தார். "முப்பத்திமூணு புள்ளி ரெண்டு மூணு மூணு மூணு மூணு..." என்று படித்துக்கொண்டே போனார். "இது போயிட்டே இருக்குதுங்களே."

"உடு, கொல்லிமலைல போயி நிக்கும்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் நான் இரண்டு தாளையும் சர்வேயர் கையில் கொடுத்தேன். கேட்டேன். "மேடம், உங்க ஆபீஸ் படத்துல முப்பத்திமூணு புள்ளி ரெண்டோட நிக்குது. இதுல கூட மூணு சைபர் வந்திருக்குது. இத அளந்தது ஆருன்னு சொல்லுங்க. அவரு பேரச் சொன்னா நான் போர உட்டுக் குடுத்துடறேன்."

சர்வேயர் தாளைப் பார்த்தார். சிரித்தார். "எனக்கும் தினம் இந்தக் கலர் தாளோட ரோதனைதாங்க்கா" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். படத்தில் 33.2 என்றால், தரையில் அது 33.15-இலிருந்து 33.25 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பத்து சென்டிமீட்டர் அகலம். இரண்டாவது கல்லின் தடுமாற்றம், கல்லின் தேய்மானம், டேப்பின் தொய்வு எல்லாம் அதற்கு மேல்; சேர்ந்தால் இருபது சென்டிமீட்டர் ஆகிவிடும். இந்தப் படத்தை வைத்துப் பதிமூன்று புள்ளி ஏழு இரண்டை யாராலும் காட்ட முடியாது.

"அந்தக் கோலப்பொடிக் கோடே நாலு விரல் அகலம் இருந்துதே. அந்தப் பதிமூணு எந்த ஓரத்துல இருந்துன்னு கேளுங்க மேடம்" என்றேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டிருந்தது.

"ஆனா அக்கா," என்றார் அவர், "ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. இதே கணக்குப்படி போர் உங்க பக்கம்தான்னும் என்னால அளந்து சொல்ல முடியாது. கோடு அத்தனை தடிமன். போர் அந்தக் கோட்டுக்குள்ளயேதான் இருக்கு."

இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றின் அந்த நுனியை அவர் அவிழ்த்துக் காட்டிவிட்டார். தெரியாது. உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான். அடுப்பு அணைந்ததா, தெரியாது. லாரி எங்கே இருக்கிறது, தெரியாது. தெரியாதவற்றை எல்லாம் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை வருடம் மூன்று மூன்று தரமாகச் செத்துக்கொண்டிருந்தேன்?

கூட்டம் என்னையே பார்த்தது. குமரேசன் குரலைத் தணித்துச் சொன்னார். "அதாங்க அண்ணி. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டரு ஒன்னு சொல்லுதில்ல? அத எடுத்துக்குவோம். ஏதாவது ஒரு நம்பரு வேணுமில்லீங்களா?"

வேண்டும்தான். வேறு எவரையும்விட எனக்கு வேண்டும். எண் கிடைத்தால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். அது பொய் எண்ணாக இருந்தாலும் தூக்கம் வந்துவிடும். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று என்னைப்போலக் கவலைப்படுகிறவர்களுக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றேன். "மேடம், தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறேன். பதிமூணு புள்ளி ஏழு ரெண்டுன்னு எழுதுனா, என்ற தலையே போனாலும் போட மாட்டேன்."

"அண்ணி, பிடிவாதம் பண்ணாதீங்க."

"பிடிவாதந்தான். வெச்சுக்கங்க."

எழுதியது

சர்வேயர் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். காணாமல் போன கல்லின் இடத்தை இருபது சென்டிமீட்டருக்கு மேல் நுணுக்கமாகச் சொல்ல இயலாது. கேட்கப்படும் வித்தியாசம் அளவீட்டில் ஏற்படக்கூடிய வித்தியாசத்துக்குள் அடங்குகிறது. ஆகவே இருவரும் நெடுங்காலமாக அனுபவித்து வரும் வரப்பே எல்லையாகத் தொடரலாம்.

குமரேசன், "நம்பர் எங்கீங்க மேடம்?" என்றார்.

"நம்பர்தான் வேணும்னா புள்ளி ஒன்னு மீட்டர்னு எழுதலாம். அதுவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா அது என்னங்க அளவு?"

"அதுதாங்க அளவு."

நான் கையெழுத்துப் போட்டேன். எட்டாவதோடு நின்ற கையெழுத்து. கொம்பும் சுழியும் கோணல். ஆனால் எழுதியிருந்த எதுவும் அளந்ததைத் தாண்டிப் பேசவில்லை. குமரேசன் போடவில்லை. மேல் அதிகாரிக்கு மனு போட்டார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எந்த நாளும் திரும்ப அளக்க வரலாம். கடைசியில் போர் யாருக்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. அந்தத் தெரியாததின் மேல்தான் நான் மாடு கட்டுகிறேன், பால் கறக்கிறேன், மகளுக்குப் பணம் அனுப்புகிறேன். முன்பெல்லாம் இப்படி ஒரு இடத்தில் நின்றால் எனக்கு மூச்சு முட்டும். இப்போதும் முட்டுகிறது. ஆனால் மூச்சு முட்டுகிறது என்பதற்காகப் பொய்க் கணக்குக்குத் தலையாட்ட மாட்டேன்.

அந்தக் கோடையில் குமரேசன் வைத்த தென்னம்பிள்ளைகள் வாட ஆரம்பித்தன. டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார். மட்டை ஒவ்வொன்றாக மஞ்சளானது. ஒருநாள் வரப்பில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"பிள்ளைக வாடுதுங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். கேக்கறதுக்கு இத்தன நாளா?"

"மனு போட்டிருக்கறேன்ல. எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து கேக்கறது?"

"மனுவ நீங்க வாபஸ் வாங்க வேண்டாம். நானும் எறங்கி வர மாட்டேன். ஓசு எடுத்துட்டு வாங்க."

அவர் போய் ஓசுக் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். வரப்புக்கு மேலாகப் போட்டோம். நான் சுவிட்சைத் தட்டினேன். காய்ந்த குழாய் புடைத்து, நெளிந்து, அந்தப் பக்கம் முதல் தென்னம்பிள்ளையின் காலடியில் தண்ணீரைத் துப்பியது. மண் உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள? நம்ம மேல கேசு போட்டவனுக்கு நம்ம போர்லயே தண்ணியா?"

"கேசு கோட்டுக்குங்க" என்றேன். "தண்ணி தென்னைக்கு."